கப்பலுக்கு உடுப்பு அடுக்க ஊர்க்கூட்டம் எதற்கு?

எங்களில் ஒருத்தியின் வீட்டில் ஒரு சூட்கேஸ் 11 நாள் கட்டிலின் மேல் திறந்தபடி கிடந்தது.

கனடாவில் இருக்கிற சித்தி குடும்பம் சிங்கப்பூருக்கு வருகுது. அங்கிருந்து பினாங், புக்கெட் என்று நாலு இரவு சுற்றிவிட்டுத் திரும்பும் சொகுசுக் கப்பலில் எல்லாருக்கும் இடம் எடுத்தாச்சு. காசையும் சித்தப்பாவே கட்டிவிட்டார். "ஒருக்காவாவது எல்லாரும் ஒண்டா நிண்டு ஒரு படம் எடுக்கவேணும்" என்பது சித்தியின் ஆசை. நல்ல விசயம்தான். ஆனால் கப்பல் சிங்கப்பூரில் கட்டியிருக்க, சண்டை கோண்டாவிலில் ஒரு அறைக்குள் அந்தச் சூட்கேசைச் சுற்றித் தொடங்கிவிட்டது. உதவி செய்யப் போகிறோம் என்று சொல்லி நாங்கள் மாறிமாறிப் போய் நின்றோம். உதவி ஒன்றும் செய்யவில்லை, தேத்தண்ணி குடித்தோம், பார்த்துக்கொண்டிருந்தோம். பார்த்ததை இப்போது எழுதுகிறோம். அவளின் சம்மதத்தோடு, அம்மாவின் சம்மதம் இல்லாமல்.

முதல் பட்டியல் வட்ஸ்அப்பில் வந்தது. சித்தி எழுதியது. சாப்பாட்டு மண்டபத்துக்குக் குளிக்கிற உடுப்போடும் வெறுங்காலோடும் வரேலாது. ஒரு இரவு 'ஃபோர்மல் நைற்', ஆம்பிளையளுக்குக் கோட், பொம்பிளையளுக்கு நீட்டுக் கவுன் இல்லாட்டிச் சாறி. இன்னொரு இரவு எல்லாரும் வெள்ளை. உள்ளுக்கு ஏசி குளிரும், சுவெற்றர் வேணும். அயன்பொக்ஸ் கொண்டுவராதே, பறிச்சு வைச்சிடுவினம். (இது உண்மை. கடலில் தீ பிடித்தால் ஓட இடமில்லை என்பதால் அநேகமான கப்பல்களில் அயன்பொக்சும் மெழுகுதிரியும் தடை. அந்த ஒரு வரியிலேயே அம்மாவின் பருத்திச் சாறிகள் மூன்றும் அடிபட்டுப் போயின.) பெரிய பெட்டிகளை ஏறும்போதே வாங்கிவிடுவார்கள், அறை வாசலுக்கு வர மணித்தியாலக்கணக்காகும், அதனால் மருந்தும் நீச்சலுடுப்பும் கைப்பையில் இருக்கட்டும். கடைசி வரி: "நீச்சலுடுப்பு மறக்காதே பிள்ளை, அங்க முழுக்கத் தண்ணிதான்."

இரண்டாவது பட்டியல் எழுத்தில் இல்லை. அது அம்மாவின் முகத்தில் இருந்தது. கையில்லாத சட்டையைத் தூக்கி ஓரமாக வைப்பா. சோட்சை மடிச்சுத் திரும்ப அலுமாரிக்குள் வைப்பா. பஞ்சாபியின் மேல் ஷோல் இல்லாவிட்டால் "இதின்ர ஷோல் எங்க?" என்று கேட்பா. நீச்சலுடுப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, அப்படியொன்று பட்டியலில் இல்லாத மாதிரியே நடந்துகொண்டா. மூன்றாம் நாள் பெரியம்மா வந்தா, ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டு அன்ரி வந்தா. எல்லாரும் கட்டிலின் நுனியில் இருந்து ஒவ்வொரு உடுப்பாய்த் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் உள்ளாடை தவிர மிச்சம் எல்லாம் சபைக்கு வந்தது.

தம்பியின் பை? அது 20 நிமிசத்தில் முடிந்தது. இரண்டு ஜீன்ஸ், நாலு ரீசேட், ஒரு சாரம், நீச்சலுக்கு ஒரு கட்டைக் காற்சட்டை, சித்தப்பாவின் பழைய கோட் அங்கே வரும். சிப்பை இழுத்தான், மூலையில் வைத்தான், கிரிக்கெட் விளையாடப் போனான். பெரியம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இனி எங்கட கதை. எங்களுக்கு இந்த இரண்டு பட்டியலோடும் கோபம்.

கப்பல் பட்டியலை முதலில் எடுப்போம், அது லேசு. 'ஃபோர்மல் நைற்' என்பது அத்திலாந்திக் கடலில் ஓடிய பழைய கப்பல்களின் முதலாம் வகுப்புச் சாப்பாட்டு மேசையிலிருந்து வந்த மிச்சம். அங்கே கோட் போட்டவன் மேலே, போடாதவன் கீழே. இன்றைக்கும் குனார்ட் போன்ற நிறுவனங்கள் பின்னேரம் 6 மணிக்குப் பிறகு இப்படி உடுத்தவேணும் என்று விதி வைத்திருக்கின்றன. நோர்வீஜியன் போன்றவை அதை வற்புறுத்துவதில்லை, அவர்களின் கப்பல் அதனால் கவிழவும் இல்லை. மற்றக் கப்பல்களில் இது ஏன் விடாமல் நடக்கிறது? அந்த இரவில் படிக்கட்டுக்குப் படிக்கட்டு படப்பிடிப்பாளர்கள் பின்திரை கட்டிக்கொண்டு நிற்பார்கள். அடுத்த நாள் படங்களைச் சுவரில் மாட்டி விலைபோட்டு விற்பார்கள். கோட் இல்லாதவர்கள் வாடகைக்கு எடுக்கலாம், கவுன் இல்லாதவர்கள் கப்பல் கடையில் வாங்கலாம். சித்தி ஆசைப்பட்ட அந்த ஒரு குடும்பப் படத்துக்குத்தான் இவ்வளவு உடுப்புச் சட்டமும். எங்கட சனம் கலியாண வீட்டு அல்பத்துக்கு உடுத்திப் பழகினது என்பதால் அந்த வலையில் விழுவதும் சுகம்.

அவை சொல்லாமல் விடுகிற ஆனால் பட்டியல்களில் எப்போதும் இருக்கிற ஒன்று எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. கரீபியன் பக்கம் போகிறவர்களுக்கு எச்சரிக்கிறார்கள்: பார்படோஸ், ஜமேக்கா, சென் லூசியா போன்ற நாடுகளில் இராணுவப் புள்ளி போட்ட உடுப்பைப் பொதுமக்கள் போடக்கூடாது, சட்டப்படி குற்றம், குழந்தைக்கும் போடவேண்டாம். வாசித்துவிட்டு நாங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். உடுப்புக்கு ஒரு ஊரில் அப்படியும் பொருள் இருக்கும் என்று எங்களுக்கு ஆரும் விளக்கவேண்டியதில்லை. அந்தப் புள்ளி ரீசேட்டைப் போட்டுக்கொண்டு உல்லாசமாய் நல்லூர் வீதியில் நடக்கிற ஆள் ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு நடப்பதில்லை. ஆனால் யாழ்ப்பாணத்துக்கு வருகிறவர்களுக்கு "தோளை மூடு, முழங்காலை மூடு" என்று சொல்லித்தர இருக்கிற ஆர்வத்தில் கால்வாசிகூட "அந்தப் புள்ளியைப் போடாதே, அதைக் கண்டால் நெஞ்சடைக்கிற அம்மாக்கள் இஞ்ச இருக்கினம்" என்று சொல்ல ஒருவருக்கும் இல்லை.

மூடு என்கிறவர்களிடம் வருவோம்.

2023 ஜூன் 16 அன்று 'எம்பிரஸ்' என்ற சொகுசுக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது. சென்னையிலிருந்து வெளிக்கிட்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று அப்போது ஓடிய கோர்டேலியா நிறுவனத்தின் கப்பல். பயணிகள் முனையம் திறந்தார்கள், மாலை போட்டார்கள். அன்று பின்னேரம் நாங்கள் தேத்தண்ணி குடித்த கடையில் நடந்த கதை முழுக்க வந்தவர்கள் என்ன உடுத்தியிருந்தார்கள் என்பதுதான். "உப்பிடி அரைகுறையா வந்தால் எங்கட கலாசாரம் என்ன ஆகிறது? ஒரு போர்ட் அடிச்சுத் துறைமுகத்தில வைக்கவேணும்." சொன்னவர் மேற்சட்டை இல்லாமல், தோளில் துவாயோடு இருந்தார் என்பதைக் குறிப்பிட்டாகவேண்டும்.

வைக்கிறதென்றால் அந்தப் பலகையில் கொஞ்சம் வரலாறும் எழுதுங்கோ. துறைமுகத்திலிருந்து ஓட்டோவில் சில நிமிசத்தில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில். 1968இல் ஒடுக்கப்பட்ட சாதிச் சனம் அந்த வாசலில் உள்ளே போகக் கேட்டுச் சத்தியாக்கிரகம் இருந்தது. குளித்து, வேட்டி கட்டி, எல்லாரையும் போலத்தான் வந்தார்கள். கதவு திறக்கவில்லை. மறித்து நின்றவர்களில் ஒருவர் முன்னாள் அமைச்சர், முன்னாள் கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம். சாதி காட்டி மறிப்பது குற்றம் என்று 1957இலேயே சட்டம் வந்திருந்தது. அதற்கும் முந்திய காலத்தில் இதே குடாநாட்டில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலே சட்டை போடக்கூடாது என்று மறித்தது எங்கட சமூகம். அப்போது மூடினால் அடி. இப்போது மூடாவிட்டால் ஏச்சு. துணியின் நீளம் மாறியிருக்கிறது, அளவுகோலைப் பிடித்திருக்கிற கை மாறவில்லை. "உடம்பை மூடுவது எங்கட பண்பாடு" என்று சொல்ல முதல் இந்தக் கணக்கை ஒருக்கால் தீர்த்துவிட்டு வாருங்கோ.

இதைச் சொன்னால் "உங்களுக்கு மேற்கத்தைய மோகம்" என்று வரும். அம்மாவே சொன்ன கதை ஒன்று: அவ படிக்கிற காலத்தில் பஞ்சாபி உடுப்பு யாழ்ப்பாணத்துக்குப் புதிசு. அதைப் போட்டுக்கொண்டு ரியூசனுக்குப் போனதுக்கு அம்மப்பா இரண்டு நாள் கதைக்கவில்லையாம், "வடக்கத்தியான் உடுப்பு" என்று. இன்றைக்கு அதே பஞ்சாபிதான் அடக்கமான தமிழ்ப்பிள்ளையின் உடுப்பு. எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவும் சிரித்தா. சிரித்தபடியே அந்தக் கையில்லாத சட்டையை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தா.

சண்டை கடைசியில் ஒற்றைப் பொருளில் வந்து நின்றது. நீச்சலுடுப்பு.

முதலில் அது யாழ்ப்பாணத்தில் கிடைக்கவேண்டுமே. நாங்கள் மூன்று பேர் ஒரு பின்னேரம் முழுக்கக் கடைகள் ஏறினோம். பெடியளுக்கு வகைவகையாய் இருக்கு. சின்னப் பிள்ளைகளுக்கு மீன் படம் போட்டது இருக்கு. வளர்ந்த பெண்ணுக்கு என்று கேட்டபோது ஒரு கடைக்கார அண்ணா கீழே பார்த்துக்கொண்டு "அதுகள் எடுக்கிறேல்ல தங்கச்சி, போகாது" என்றார். கடைசியில் கொழும்பிலிருந்து பார்சலில் வந்தது: நீட்டுக் கை வைத்த இறுக்கமான மேற்சட்டை, முழங்கால் வரைக்கும் காற்சட்டை. உலகத்தின் எந்தக் குளத்திலும் இதைவிட அடக்கமாய் ஒருவர் குளிக்கமுடியாது. பெரியம்மாவுக்கு அதுவும் காணாது. "உடம்போட ஒட்டும். அதோட ஆம்பிளையளுக்கு முன்னால? அவளுக்கு நீந்தவும் தெரியாது, பிறகென்னத்துக்கு?"

இந்தக் கடைசி வசனத்தை நாங்கள் விடமாட்டோம்.

அவளுக்கு நீந்தத் தெரியாது. உண்மை. எங்களில் ஏழு பெண்கள், ஒருத்திக்குத்தான் தெரியும், அவளும் அப்பா மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை. மூன்று பக்கமும் கடல், நடுவில் கடல்நீரேரி, நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போக வள்ளம். இப்படி ஒரு நிலத்தில் பிறந்து, கேணியும் தோட்டக் கிணறும் சுற்றியிருக்க, தண்ணீரில் மிதக்கத் தெரியாமல் வளர்ந்திருக்கிறோம். தம்பி கீரிமலைக் கேணியில் பாய்ந்து பழகினான். அங்கே பெண்களுக்கும் தனிக் கேணி இருக்கு, ஆனால் நாங்கள் குறுக்குக் கட்டோடு படியில் இருந்து வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிவிட்டு வந்தோம். நீந்தப் பழக உடுப்பு வேணும். உடுப்புப் போட்டால் ஊர் பார்க்கும். ஊர் பார்க்குமென்றால் பழகவேண்டாம். பழகாதவளுக்கு உடுப்பெதற்கு? எவ்வளவு வடிவாய் வளையமாய் வந்து பூட்டுது பாருங்கோ.

2004 டிசம்பர் 26 அன்று வடமராட்சி கிழக்கில் கடல் ஏறியபோது நாங்கள் கைக்குழந்தைகள். அந்தச் சுனாமியில் பல கரைகளில் ஆண்களைவிடப் பெண்களே கூடுதலாகச் செத்தார்கள். பிறகு ஆய்ந்தவர்கள் சொன்ன காரணங்களில் வீட்டில் இருந்ததும், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் இருந்தன. நீந்தவும் மரமேறவும் பெடியளுக்கு மட்டும் பழக்கியதும் இருந்தது. காலில் சுற்றிய சீலையும் இருந்தது. பெரியம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. அவவுக்கும் நீந்தத் தெரியாது, அவவுக்கும் ஒருத்தரும் பழக்கவில்லை. ஆனால் "உடுப்புத்தானே, இதுக்கேன் இவ்வளவு சத்தம்" என்று கேட்கிறவர்களுக்கு எங்கட பதில் இதுதான்.

அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் நியாயமாய்ச் சொல்லவேணும். ஒன்பதாம் நாள் இரவு நாங்கள் நிற்கும்போது அவ சூட்கேசை முழுக்கக் கவிழ்த்துவிட்டுத் திரும்ப அடுக்கினா. அப்போதுதான் கவனித்தோம். முதலில் அடியில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டைப் பிரதி. நாலு நாள் விடுமுறைக்கு அது எதற்கு? பிறகு ஒரு பழைய பருத்தி வேட்டித் துண்டு. பிறகு பெனடோல், சித்தாலேப. பிறகுதான் உடுப்பு. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தால் நடந்தபோது அவவுக்கு 21 வயது, இப்போது எங்களுக்கு இருக்கிற வயது. உடுத்திருந்த சட்டைக்கு மேல் இன்னொரு சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு உரப்பைக்குள் பத்திரங்களும் இரண்டு உடுப்பும். "வேட்டித் துண்டு எல்லாத்துக்கும் உதவும்" என்றா. மழைக்குத் தலையில், பிள்ளைக்கு ஏணையாய், காயத்துக்குக் கட்டாய். அதற்குச் சரியாய் 5 வருசம் முந்தி, 1990இல் இதே ஒக்ரோபர் 30, விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்தை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். சொற்பக் காசும் கொஞ்ச உடுப்பும் தவிர மற்றெல்லாத்தையும் விட்டுவிட்டு அவர்கள் போனார்கள். அந்தப் பைகளைப் பற்றி எங்கட வீடுகளில் இன்னும் கதைக்கிறது குறைவு.

'எம்பிரஸ்' கப்பலும் 1990இல் தான் விடுமுறைக்காரரோடு ஓடத் தொடங்கியது, அப்போது அதற்கு 'நோர்டிக் எம்பிரஸ்' என்று பெயர். பிரான்சில் கட்டினது. அதே வருச நடுப்பகுதியில், அது பின்னாளில் வந்து நிற்கப்போகிற கரையின் சனம், காங்கேசன்துறை, மயிலிட்டி, தையிட்டி ஆக்கள், கைக்கு அகப்பட்டதோடு ஊரை விட்டு வெளிக்கிட்டது. மயிலிட்டித் துறைமுகம் திரும்பக் கிடைக்க 2017 ஆயிற்று.

பட்டியல் அனுப்பின சித்தியும் காங்கேசன்துறையால் கப்பல் ஏறினவதான். ஏ9 பாதை 2006 ஓகஸ்டில் பூட்டின பிறகு, 2007இல் சித்தப்பாவிடம் போவதற்காகத் திருகோணமலைக்குப் போகிற 'கிரீன் ஓஷன்' கப்பலில் ஏறினா. ஏற முதல் பையை மேசையில் கொட்டிச் சோதித்தார்கள். மடிப்புக் கலையாத தன்ர கூறைச்சீலையை நீட்டுக்கு விரித்துப் பார்த்தார்கள் என்பதை அவ இன்றைக்கும் சொல்லிக் கோபப்படுவா. இரவு முழுக்கச் சத்தியெடுத்துக்கொண்டு, அந்தச் சீலையைத் தலைக்கு வைத்துப் படுத்தா. அப்படிப் போனவ இப்போது 'ஃபோர்மல் நைற்றுக்கு என்ன நிறம்' என்று கேட்டு எழுதுவதை நாங்கள் நக்கலடிக்கத் தயாராய் இல்லை. அவவுக்கு அந்தப் படம் தேவை.

ஆனால் அம்மாவுக்கும் சித்திக்கும் பெரியம்மாவுக்கும் ஒரு கேள்வி இருக்கு. உங்கட பைகளை ஆரோ ஒருத்தர் கவிழ்த்து, ஒவ்வொரு துணியாய்த் தூக்கிப் பார்த்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது? கட்டில் நுனியில் இருந்து எங்கட பையை அதே மாதிரித் தூக்கிப் பார்க்கிறபோது அது ஞாபகம் வரேல்லையா? அன்பால் பார்க்கிறம் என்பீர்கள். அன்பு என்று எங்களுக்கும் தெரியும். அப்பவும் மேசையில் கிடக்கிறது எங்கட உடுப்புத்தான்.

பிள்ளையளுக்குச் சொல்ல எங்களிடம் பெரிய பட்டியல் இல்லை. அயன் தேவைப்படாத துணி. காற்றுக்குப் பறக்காத, படியில் தட்டாத நீளம். வழுக்காத செருப்பு. குளிருக்கு ஒன்று. வடிவாய் இருக்கிறேன் என்று உங்களுக்கே தோன்றுகிற ஒன்று, அது சாறியாய் இருந்தாலும் சோட்சாய் இருந்தாலும். கோயிலுக்கு இறங்கினால் கோயிலுக்கு ஏற்றது, அது மரியாதை, அதில் எங்களுக்குச் சண்டை இல்லை. நீச்சலுடுப்பை அடியில் ஒளிக்காமல் மேலே வையுங்கோ. கப்பல் ஏற முதல் நீந்தவும் பழகுங்கோ, யாழ்ப்பாணத்தில் எங்கே பழகலாம், ஆர் பழக்குவினம் என்பதுதான் எங்கட அடுத்த வேலை. பெண் பயிற்றுநர் ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

பதினோராம் நாள் இரவு அவள் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு தானே அடுக்கினாள். வேட்டித் துண்டை எடுத்துப்போடவில்லை. பார்சலில் வந்த உடுப்பும் போனது. மூன்றாம் நாள் அங்கிருந்து ஒரு படம் வந்தது. குளத்தின் ஆழமில்லாத பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் அவள் நிற்கிறாள். கரையில் அம்மா, சாறியைக் கணுக்காலுக்கு மேல் உயர்த்திப் பிடித்தபடி, இரண்டு காலையும் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு இருக்கிறா. பெரியம்மாவுக்கு அந்தப் படம் அனுப்பப்படவில்லை.

கடைசி இரவு நடுச்சாமத்துக்கு முதல் பெட்டிகளை அறை வாசலில் வைத்துவிடவேணும், காலமை போட ஒரு உடுப்பை மட்டும் எடுத்து வைக்கவேணும். இதுவும் சித்தியின் பட்டியலில் இருந்தது. ஒருத்தரும் பார்க்காத, 20 நிமிசத்தில் அடுக்கி முடிந்த அந்தப் பையின் சொந்தக்காரன் தன்ர ஜீன்ஸ் இரண்டையும் உள்ளே போட்டுப் பூட்டி வாசலில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டான். விடிய எழும்பிப் பார்த்தால் பை போயிட்டுது. சிங்கப்பூர் முனையத்தில், அத்தனை கவுனுக்கும் கோட்டுக்கும் நடுவில், படுத்த சாரத்தோடு இறங்கி வந்தானாம். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை.